டென்டல் ஸ்பெஷாலிட்டி ரெசிடென்சி கிடைக்கவில்லை, அடுத்து என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பல் மருத்துவப் பட்டமான டிடிஎஸ் அல்லது டிஎம்டி முடிக்கப் போகிறவர்கள், முடித்தவர்கள், இந்தியாவில் பிடிஎஸ் முடித்துவிட்டு வந்தவர்கள் எனப் பலரும் ஆர்த்தோ (பல் சீரமைப்பு), ஓரல் சர்ஜரி (வாய், தாடை அறுவை), பீடோ (குழந்தைகளின் பல்), பெரியோ (ஈறு), ப்ராஸ்தோ (செயற்கைப் பல்), எண்டோ (வேர் சிகிச்சை) ரெசிடென்சிகளுக்கு, அதாவது சிறப்புத் துறைப் பயிற்சிகளுக்கு, விண்ணப்பிக்கிறார்கள். இடம் கிடைக்காதவர்களிடமிருந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருபவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை வைத்து, பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறோம். தேதிகள் ஆண்டுக்காண்டு சில நாட்கள் முன்பின் ஆகும்.

"மேட்ச் ஆகலைன்னு மெயில் வந்துடுச்சு. இந்த வாரம் என்ன பண்ணணும்?"

மேட்ச் என்பது விண்ணப்பதாரர்களும் பயிற்சி இடங்களும் தரும் விருப்ப வரிசைகளை (ரேங்க் பட்டியல்) கணினி பொருத்தி இடம் ஒதுக்கும் முறை. எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். ஆர்த்தோ, பெரியோ, ப்ராஸ்தோ, டென்டல் அனஸ்தீசியா ஆகியவை மேட்சின் முதல் கட்டம். முடிவு நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும். ஓரல் சர்ஜரி, பீடோ, பொதுப் பயிற்சிகளான ஜிபிஆர், ஏஇஜிடி ஆகியவை இரண்டாம் கட்டம். அதன் முடிவு ஜனவரிக் கடைசியில். முதல் கட்டத்தில் இடம் கிடைக்காதவர் இரண்டாம் கட்டத்துக்கு ரேங்க் பட்டியல் தரலாம். ஆகவே டிசம்பரில் ஆர்த்தோ கை நழுவியவருக்கு அந்த ஆண்டு இன்னும் முடிந்துவிடவில்லை. கடைசித் தேதி தாண்டாத ஜிபிஆர், ஏஇஜிடிகளைத் தேடி, பொது விண்ணப்பத் தளமான அடீயா பாஸ் வழியாக அன்றைக்கே அனுப்புங்கள். அந்தந்த இடத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு போனும் போடுங்கள். தாமதமாக வந்த விண்ணப்பம் யாரும் திறக்காமலே கிடப்பது சாதாரணம்.

இரண்டாம் கட்டமும் முடிந்துவிட்டது என்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள். எப்படியிருந்தாலும் இந்த வாரம் வேலை ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கடிதம் கொடுத்த பேராசிரியர்களுக்கு முடிவை நீங்களே சொல்லுங்கள். காலி இடம் பற்றிய தகவல் பல நேரம் அவர்கள் வழியாகத்தான் வரும்.

"போஸ்ட்-மேட்ச்னு சொல்றாங்களே, அதுல நிஜமாவே சீட் கிடைக்குமா?"

பொதுப் பயிற்சிகளில் கிடைக்கும். மேட்ச் முடிந்ததும் நிரம்பாத இடங்களின் பட்டியல் இடம் கிடைக்காதவர்களுக்குத் தரப்படும். அதன்பின் அல்காரிதம் கிடையாது. நீங்கள் நேரடியாகத் தொடர்பு கொள்ள வேண்டும், அவர்கள் நேரடியாக எடுத்துக்கொள்வார்கள். பட்டியலில் பெரும்பகுதி ஜிபிஆரும் ஏஇஜிடியும்தான். பெரியோ, ப்ராஸ்தோவில் சில இடங்கள் தென்படலாம். ஆர்த்தோ தென்பட்டால் அது சில மணி நேரத்தில் போய்விடும்.

வேகம் இங்கே முக்கியம். மதிப்பெண் பட்டியல், சிவி, தேர்வு முடிவுகள், ஒரு பக்க அறிமுகக் கடிதம் நான்கையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக முடிவு நாளுக்கு முன்பே தயாராக வைத்திருங்கள். 'கிடைத்துவிடும், இது எதற்கு' என்று விடுபவர்கள்தான் பிறகு இரண்டு நாளைக் கோப்பு சேர்ப்பதில் தொலைக்கிறார்கள். எண்டோ இடங்களில் பெரும்பாலானவை மேட்சுக்கு வெளியேதான் நிரப்பப்படுகின்றன. எடுத்த ஒருவர் விலகினால் வசந்த காலத்திலும் இடம் திறக்கும். அதைத் தெரிந்துகொள்ள நேரடித் தொடர்பைத் தவிர வேறு வழியில்லை.

"எனக்கு ஏன் கிடைக்கலைன்னே புரியலை. எப்படிக் கண்டுபிடிக்கறது?"

எத்தனை இடத்துக்கு அனுப்பினீர்கள், எத்தனை நேர்காணல் வந்தது, எத்தனை இடத்தை ரேங்க் செய்தீர்கள் என்ற மூன்று எண்களை எழுதுங்கள். இருபது இடத்துக்கு அனுப்பி ஒன்றிரண்டு நேர்காணல் மட்டும் வந்திருந்தால் பழுது காகிதத்தில் இருக்கிறது: வகுப்புத் தரவரிசை, தேர்வு மதிப்பெண், கடிதங்கள், தாமதமாக அனுப்பியது, அல்லது உங்களுக்கு எட்டாத இடங்களாகவே தேர்ந்தெடுத்தது. ஐந்தாறு நேர்காணலுக்குப் போயும் எதுவும் அமையவில்லை என்றால் காகிதம் போதுமானது. நேர்காணலையோ ரேங்க் பட்டியலையோ பாருங்கள். வெறும் ஐந்து இடத்துக்கு அனுப்பிவிட்டு 'நான் போதாதவன்' என்று முடிவு கட்டுவதில் பொருளே இல்லை. சோதனையே இன்னும் நடக்கவில்லை.

இதைச் செய்யாமல் அடுத்த ஆண்டைத் திட்டமிடுபவர்கள் வழக்கமாக இரண்டாவது ஆராய்ச்சிக் கட்டுரையில் இறங்குவார்கள். நேர்காணலில் தடுமாறியவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எட்டு நேர்காணலில் தேறாதவர் செய்ய வேண்டியது, தன்னை அறியாத இரண்டு ஆசிரியர்களிடம் மாதிரி நேர்காணல் கேட்டு, அதைப் படம்பிடித்துப் பார்ப்பது. 'ஏன் இந்தத் துறை' என்பதற்கு 90 விநாடிக்குள் தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்றால் அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

"ப்ரோக்ராம் டைரக்டருக்கே மெயில் போட்டு காரணம் கேக்கலாமா? தப்பா எடுத்துக்குவாங்களா?"

நேர்காணலுக்கு அழைத்த இடங்களில் மட்டும் கேளுங்கள். முடிவு வந்த வாரம் வேண்டாம், பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச்சுக்குள் கேட்கலாம். நான்கைந்து வரி போதும்: நன்றி, மீண்டும் விண்ணப்பிக்கப் போவதாக ஒரு வரி, பிறகு ஒரே ஒரு குறிப்பான கேள்வி. 'என்ன குறை?' என்று பொதுவாகக் கேட்டால் 'போட்டி கடுமையாக இருந்தது' என்ற பதில்தான் வரும். 'அடுத்த ஆண்டுக்குள் ஜிபிஆர் முடிப்பதா, தேர்வு மதிப்பெண்ணை உயர்த்துவதா, உங்கள் பார்வையில் எது கூடுதலாக உதவும்?' என்று கேட்டால் சிலராவது உண்மையைச் சொல்வார்கள்.

மேட்ச் விதிகளின்படி, ரேங்க் பட்டியலில் யாரை எங்கே வைத்தார்கள் என்று அவர்களிடம் கேட்கக் கூடாது. முடிவு வந்த பிறகும் அதைத் துருவாமல் இருப்பதே நல்லது.

"ஜிபிஆரா ஏஇஜிடியா? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

இரண்டும் வழக்கமாக ஓராண்டு, சில இடங்களில் இரண்டாவது ஆண்டும் உண்டு. ஜிபிஆர் மருத்துவமனை சார்ந்தது. அனஸ்தீசியா, அவசர சிகிச்சை, மருத்துவப் பிரிவுகளில் சுழற்சி, இரவு அழைப்பு, ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் வரும். ஏஇஜிடி பெரும்பாலும் பல் மருத்துவக் கல்லூரி அல்லது சமூக கிளினிக்கில் நடக்கும். கிரவுன், இம்ப்ளான்ட், ரூட் கெனால் எனப் பல் வேலை அதிகம்.

ஓரல் சர்ஜரி, பீடோ, அனஸ்தீசியாவைக் குறிவைப்பவருக்கு ஜிபிஆர் பொருந்தும். ப்ராஸ்தோ, பெரியோ, எண்டோவுக்கு ஏஇஜிடியும் சரி. பெயரை விட முக்கியமானது, அந்த இடத்தில் உங்கள் துறையின் ரெசிடென்சியும் நடக்கிறதா என்பதுதான். நடந்தால் அந்த ஆசிரியர்கள் உங்களை நாள்தோறும் பார்ப்பார்கள். நேர்காணலில் இரண்டு கேள்வி கேட்டு வையுங்கள்: கடந்த மூன்று ஆண்டில் இங்கிருந்து யார் எந்த ஸ்பெஷாலிட்டிக்குப் போனார்கள், ரத்தக் குழாய் வழியாகத் தரும் மயக்கத்தில் ஒரு ரெசிடென்ட் எத்தனை கேஸ் செய்கிறார். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலில் மிதமான மயக்கத்துக்கு 60 மணி நேரப் பயிற்சியும், தானே கையாண்ட 20 நோயாளிகளும் குறைந்தபட்சம். அது முழுமையாகக் கிடைக்கும் இடம் என்றால், ஸ்பெஷாலிட்டி அமையாமல் போனாலும் கையில் ஒரு திறமை மிஞ்சும்.

"ஜிபிஆர் பண்ணிக்கிட்டே அதே வருஷம் மறுபடி அப்ளை பண்ணிடலாம்ல?"

பண்ணலாம், பலரும் பண்ணுகிறார்கள். ஆனால் காலண்டரை ஒரு முறை விரித்துப் பாருங்கள். 2026 மே மாதம் பட்டம் பெறுபவர் ஜூலை 1 அன்று ஜிபிஆரில் சேர்கிறார். 2027 ஜூலையில் தொடங்கும் ஸ்பெஷாலிட்டிக்கான விண்ணப்பம் 2026 மே நடுவில் திறந்து, இடத்தைப் பொறுத்து ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் மூடுகிறது. அதாவது விண்ணப்பம் போகும்போது ஜிபிஆரில் அவர் கழித்தது ஒன்று முதல் மூன்று மாதம்தான். அந்த இயக்குநர் எழுதும் கடிதம் உங்களைச் சரியாக அறியாதவர் எழுதும் கடிதமாகத்தான் இருக்கும். ஜிபிஆர் விண்ணப்பத்தைத் தூக்கிவிடும் என்று நம்பியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அந்த ஆண்டின் உழைப்பு விண்ணப்பத்தில் ஏறுவதற்கு முன்பே விண்ணப்பம் போய்விடுகிறது.

எனவே அதே சுற்றில் மீண்டும் முயல்வதானால், பிப்ரவரி முதல் ஜூலை வரையான ஆறு மாதத்தில் மாறக்கூடிய ஒன்றுதான் உங்கள் குறையாக இருக்க வேண்டும். தேர்வு மதிப்பெண், இடங்களின் பட்டியல், நேர்காணல் பயிற்சி, எக்ஸ்டர்ன்ஷிப் (குறிவைக்கும் துறையில் சில நாள் உடனிருந்து பார்ப்பது) ஆகியவை அந்த வகை. குறை வகுப்பு மதிப்பெண்ணிலோ மருத்துவத் திறனிலோ இருந்தால் ஒரு சுற்றை விட்டுவிட்டு, 2027 கோடையில் முழு ஆண்டு ஜிபிஆரைக் காட்டி 2028 ஜூலை சேர்க்கைக்கு விண்ணப்பிப்பதே மேல். நடுவில் விழும் ஓராண்டுக்கு வேலையோ இரண்டாம் ஆண்டு ஜிபிஆரோ வேண்டியிருக்கும்.

ஜிபிஆர் நேர்காணலிலேயே உங்கள் எண்ணத்தைச் சொல்லிவிடுங்கள். அக்டோபரில் ஆறு நாள் நேர்காணலுக்கு விடுப்பு கேட்கும்போது அது அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கக் கூடாது.

"நேரா வேலைக்குப் போயிட்டா, இவனுக்கு ஸ்பெஷாலிட்டியில ஆர்வம் இல்லைன்னு நினைப்பாங்களா?"

பீடோ, எண்டோ, ப்ராஸ்தோ, பெரியோவில் ஒன்றிரண்டு ஆண்டு வேலை பார்த்தவரைக் குறையாகப் பார்ப்பது அரிது. எண்டோவில் பல இடங்கள் அதை எதிர்பார்க்கவே செய்கின்றன. ஓரல் சர்ஜரியில் மட்டும் நீண்ட இடைவெளி கேள்வியாகும். வேலையில் என்ன செய்தீர்கள் என்பதற்குக் கணக்கு வைத்திருங்கள்: கடைவாய்ப் பல் ரூட் கெனால் எத்தனை, எவை பரிந்துரைத்து அனுப்பப்பட்டன, முன்னும் பின்னும் எக்ஸ்ரே. நோயாளியின் அடையாளம் நீக்கிய 15 கேஸ் கொண்ட கோப்பு நேர்காணலில் நன்றாகப் பேசும்.

ஒப்பந்தத்தில்தான் கவனம் தேவை. மீண்டும் விண்ணப்பிப்பவர் பார்க்க வேண்டியவை: முன்கூட்டி அறிவிக்க வேண்டிய நாட்கள் (90 என்றால் ஜூலையில் சேர ஏப்ரல் தொடக்கத்திலேயே சொல்லியாக வேண்டும்), சீக்கிரம் விலகினால் சேர்க்கை போனஸைத் திருப்பித் தர வேண்டுமா, சம்பளச் சதவீதம் செய்த வேலைக்கா வசூலான தொகைக்கா என்பது. தொழில்முறைக் காப்பீடு 'கிளெய்ம்ஸ்-மேட்' வகையானால் (அது நடப்பில் இருக்கும்போது வரும் வழக்குகளுக்கு மட்டும் பொருந்துவது), விலகிய பிறகான டெயில் கவரேஜுக்கு யார் பணம் கட்டுவது என்றும் எழுத்தில் வாங்குங்கள். தேசிய சுகாதார சேவைப் படையின் கடன் அடைப்புத் திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அது இரண்டாண்டுக் கட்டாயப் பணி, இடையில் விட்டால் அபராதம் கடுமை. அடுத்த ஆண்டே விண்ணப்பிக்க நினைப்பவர் அதில் சேரக் கூடாது.

"பணம் கட்டிப் பண்ற ஆர்த்தோ இன்டர்ன்ஷிப் வொர்த்தா?"

இடத்தைப் பொறுத்தது. சில கல்லூரிகள் ஓராண்டு இன்டர்ன்ஷிப்புக்குக் கட்டணம் வாங்குகின்றன. அதை முடித்தாலும் நீங்கள் ஆர்த்தோடான்டிஸ்ட் ஆகிவிட மாட்டீர்கள். உங்களுக்கு அங்கே வேண்டியது கடிதமும், உங்களை அறிந்த ஒரு துறையும்தான். கடந்த சில ஆண்டுகளில் அந்த இன்டர்ன்களில் எத்தனை பேருக்கு, அதே துறையிலோ வேறெங்கோ, இடம் கிடைத்தது என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் 'நிறைய பேர்' என்று மழுப்பினால் விலகிவிடுங்கள். நேர்காணல் நிறைய வந்தும் கிடைக்காதவருக்கு இந்தச் செலவு தேவையே இல்லை.

"ஓரல் சர்ஜரிக்கு சிபிஎஸ்இ மார்க் கம்மி. இன்டர்ன் இயர் போனா சரியாயிடுமா?"

சிபிஎஸ்இ என்பது இங்கே மருத்துவத் தேர்வு வாரியம் நடத்தும் அடிப்படை அறிவியல் தேர்வு. முதல் வடிகட்டல் பல இடங்களில் அதை வைத்துத்தான். ரெசிடென்சி இடம் இல்லாமல் மருத்துவமனையில் செய்யும் ஓராண்டு நான்-கேட்டகாரிக்கல் இன்டர்ன் பணி நல்ல கடிதத்தையும் வார்டு அனுபவத்தையும் தரும், குறைந்த மதிப்பெண்ணை மறைக்காது. தேர்வு ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரியிலும் கோடையிலும் நடக்கும். பதிவு வெகுமுன்பே மூடிவிடுவதால், ஜனவரிக் கடைசி முடிவுக்காகக் காத்திருந்தவர் பிப்ரவரித் தேர்வைத் தவறவிட்டிருப்பார். மிச்சம் கோடைத் தேர்வு ஒன்றுதான்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முடிவு வந்ததும் படிப்பைத் தொடங்கி, கோடைத் தேர்வு வரை மற்ற எதையும் இரண்டாவதாக வையுங்கள். இன்டர்ன் பணி ஜூலையில் தொடங்கிய பிறகு வாரம் 80 மணி நேரத்தை நெருங்கும் வேலைக்கு நடுவே படித்து மதிப்பெண்ணை உயர்த்துபவர் சிலரே.

"ஐஎன்பிடிஇ வெறும் பாஸ்-ஃபெயில். என் கிளாஸ் ரேங்கும் கம்மி. எதை வெச்சு நிரூபிக்கறது?"

ஐஎன்பிடிஇ என்பது உரிமத்துக்கான தேசியத் தேர்வு. எண்ணில் மதிப்பெண் காட்டத்தான், ஸ்பெஷாலிட்டி விண்ணப்பதாரர்களுக்கான ஏடாட் தேர்வு 2016இல் வந்தது. மதிப்பெண் 200 முதல் 800 வரை, சராசரி 500. நீங்கள் குறிவைக்கும் இடங்களில் எவை கேட்கின்றன, எவை ஏற்றுக்கொள்கின்றன, எவை பார்ப்பதே இல்லை என்று முதலில் பட்டியல் போடுங்கள். சில ஆர்த்தோ துறைகள் ஜிஆர்இயையும் கேட்கும். தரவரிசை கீழே உள்ளவருக்கு நல்ல ஏடாட் மதிப்பெண் உதவும். தரவரிசை மேலே உள்ளவர் சுமாரான மதிப்பெண் வாங்கினால் இருந்ததும் கெடும், கட்டாயம் இல்லாத இடத்துக்கு எழுதாமலே விடலாம்.

"போன வருஷ கடிதமும் பெர்சனல் ஸ்டேட்மென்ட்டும் அப்படியே அனுப்பினா போதாதா?"

போதாது. அதே துறைக்கு இரண்டாம் முறை அனுப்பும்போது பழைய கோப்பையும் எடுத்துப் பார்ப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடிதங்களைப் புதிய தேதியுடன் கேட்டு வாங்குங்கள், ஒன்றாவது புதியவரிடமிருந்து வரட்டும். ஸ்டேட்மென்ட்டில் கடந்த ஆண்டு கிடைக்கவில்லை என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லி, அதற்குப் பின் என்ன செய்தீர்கள் என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். சோகக் கதை வேண்டாம். சிறுவயதில் கம்பி கட்டிய கதையும் வேண்டாம், அது ஏற்கனவே ஆயிரம் ஆர்த்தோ விண்ணப்பங்களில் இருக்கிறது.

"ரேங்க் லிஸ்ட்ல நிறைய இடம் போட்டா மேலே இருக்கற இடம் கிடைக்கற வாய்ப்பு குறையுமா?"

குறையாது. அல்காரிதம் உங்கள் முதல் விருப்பத்தில் தொடங்கும். அங்கே இடம் இல்லை என்றால்தான் இரண்டாவதற்கு வரும். கீழே பத்து இடம் சேர்ப்பதால் மேலே எதுவும் மாறாது. 'அவர்கள் என்னை எடுப்பார்களா' என்று ஊகித்து வரிசையை மாற்றுவதுதான் நஷ்டம். உங்கள் உண்மையான விருப்ப வரிசையையே கொடுங்கள்.

ஒரே எச்சரிக்கை: முடிவு இருதரப்பையும் கட்டுப்படுத்தும். போக மனமில்லாத இடத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ரேங்க் செய்த ஜிபிஆர் கிடைத்துவிட்டு, பிறகு போஸ்ட்-மேட்சில் வேறொரு இடம் திறந்தால், முதல் இடம் முறைப்படி விடுவிக்காமல் தாவ முடியாது. தாவினால் மேட்ச் விதிமீறல். இரண்டாவது இடமும் அதைத் தெரிந்துகொண்டு உங்களை எடுக்கக் கூடாது. முதலில் ஜிபிஆர் இயக்குநரிடம் எழுத்தில் விடுவிப்புக் கேளுங்கள், கிடைத்த பிறகே அடுத்தவருக்குச் சம்மதம் சொல்லுங்கள்.

"ரெசிடென்சிதான் போகப் போறோம்னு லைசன்ஸ் எக்ஸாம் எழுதாம விட்டுட்டேன். இப்போ?"

உடனே தேதி எடுங்கள். வேலைக்கு ஐஎன்பிடிஇயுடன் பெரும்பாலான மாநிலங்களில் ஏடெக்ஸ் போன்ற மருத்துவத் திறன் தேர்வும் வேண்டும். உரிமம் கையில் வரச் சில மாதம் ஆகும், அதன்பிறகே மருந்துக் கட்டுப்பாட்டுப் பதிவும் காப்பீட்டு நிறுவனங்களின் சேர்க்கையும். மாநிலம் முக்கியம்: நியூயார்க் 2007 முதல் திறன் தேர்வுக்குப் பதிலாக ஓராண்டு ரெசிடென்சியையே கேட்கிறது. கலிஃபோர்னியாவில் ஜிபிஆர் அல்லது ஏஇஜிடி முடித்தும் உரிமம் பெற ஒரு வழி உண்டு. நியூயார்க்கில் வாழ நினைப்பவருக்கு 'வேலையா ஜிபிஆரா' என்ற கேள்வியே எழாது.

"கடன் தலைக்கு மேல இருக்கு. இன்னொரு வருஷம் தாங்குமா?"

மத்திய அரசுக் கடன்களில் பெரும்பாலானவற்றுக்குப் பட்டம் பெற்று ஆறு மாதம் அவகாசம். மே மாதம் முடித்தவருக்கு நவம்பர் வாக்கில் முதல் தவணை. ரெசிடென்சியில் ஃபோர்பேரன்ஸ் (தவணையைத் தற்காலிகமாக நிறுத்துவது) கேட்கலாம், ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஜிபிஆர் இலாப நோக்கற்ற மருத்துவமனையில் என்றால், வருமான அடிப்படையிலான திட்டத்தில் சேர்ந்து சிறு தவணை கட்டுவது மேல். பொதுச் சேவைக் கடன் தள்ளுபடிக்கு வேண்டிய 120 தவணைகளில் அவை கணக்காகும், ஃபோர்பேரன்ஸ் மாதங்கள் கணக்காகாது. கடைசி மாணவ ஆண்டில் வருமானம் இல்லாவிட்டாலும் வரிக் கணக்குத் தாக்கல் செய்துவிடுங்கள். குறைந்த வருமானத்துக்கு அதுவே சான்று.

முடிவெடுக்கும் முன் இன்னொரு கணக்கும் போடுங்கள். மருத்துவமனைப் பயிற்சிகள் உதவித்தொகை தரும், ஆனால் பல ஆர்த்தோ, எண்டோ துறைகள் உங்களிடமே கட்டணம் வாங்கும். இரண்டு மூன்று ஆண்டுக் கட்டணம், அந்த ஆண்டுகளில் இழக்கும் சம்பளம், ஏறும் வட்டி மூன்றையும் கூட்டிய பிறகும் அந்தத் துறை வேண்டும் என்றால் மறுமுயற்சிக்கு அர்த்தம் இருக்கிறது.

"நான் எஃப்-1 விசா. எனக்கும் இதே பதில்தானா?"

இல்லை, மாணவர் விசாவான எஃப்-1இல் உங்கள் கடிகாரம் வேறு. படிப்புக்குப் பின் வேலை பார்க்கும் அனுமதியான ஓபிடி 12 மாதம்தான், அதில் வேலையில்லாமல் இருக்கக்கூடியது மொத்தம் 90 நாள். படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மேலே சொன்ன 'ஒரு சுற்றை விடுங்கள்' என்ற யோசனை உங்களுக்கு எளிதல்ல. பல்கலைக்கழகத்தோடு இணைந்த இலாப நோக்கற்ற மருத்துவமனைகள் எச்-1பி வேலை விசாவின் ஆண்டு வரம்புக்குள் வராதவை என்பதால் அங்கே வேலை தேடுவது ஒரு வழி. சில ஜிபிஆர்கள் விசாவில் இருப்பவர்களை எடுப்பதே இல்லை, விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் கேளுங்கள். மேலே சொன்ன சுகாதார சேவைப் படையின் கடன் அடைப்புத் திட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்.

பிடிஎஸ் மட்டும் வைத்திருப்பவர் நேரடியாகப் பெரியோ, ப்ராஸ்தோ, எண்டோவுக்கு முயன்று கிடைக்காவிட்டால், கேப்பிட் என்ற விண்ணப்பத் தளம் வழியாக, வெளிநாட்டில் படித்தவர்கள் அமெரிக்கப் பட்டம் பெறும் இரண்டு முதல் மூன்று ஆண்டு அட்வான்ஸ்ட் ஸ்டாண்டிங் படிப்பு இருக்கிறது. நீண்ட வழி, செலவும் அதிகம். ஆனால் அமெரிக்கப் பட்டம் இல்லாமல் ஸ்பெஷாலிட்டி மட்டும் முடித்தவருக்கு உரிமம் தருவது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பட்டம் இருந்தால் அந்தத் தடை இல்லை.

"ரெண்டு தடவை ஆயிடுச்சு. எப்போ நிறுத்தணும்? இல்ல, வேற ஸ்பெஷாலிட்டி மாறலாமா?"

இரண்டாவது முறை நேர்காணல் எண்ணிக்கை கூடியிருந்தால் மூன்றாவது முறை நியாயம். கூடவில்லை என்றால், அல்லது இரண்டு முறையும் ஒன்றுமே வரவில்லை என்றால், அதே கோப்பை மூன்றாவது முறை அனுப்பிப் பயனில்லை. துறை மாறுவது தவறல்ல. அங்கீகரிக்கப்பட்ட ஸ்பெஷாலிட்டிகள் 12. ஓரோஃபேஷியல் பெயின், ஓரல் மெடிசின் இரண்டும் 2020இல் சேர்ந்தவை, அவற்றுக்குப் போட்டி குறைவு. ஆனால் ஆர்த்தோ கிடைக்காததால் பெரியோ என்பது நேர்காணலில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பத்து நாளாவது அந்தத் துறையில் உட்கார்ந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

மாறவும் மனமில்லை என்றால், பொது மருத்துவராகவே அந்த வேலையின் ஒரு பகுதியைச் செய்யலாம். எளிய அலைனர் கேஸ், ஒற்றை வேர் ரூட் கெனால், சாதாரண இம்ப்ளான்ட் எல்லாம் பொது உரிமத்துக்குள் வருபவை. ஸ்பெஷலிஸ்ட் என்று விளம்பரம் செய்ய முடியாது. ஏதாவது பிசகினால் ஸ்பெஷலிஸ்ட்டின் தரத்தை வைத்தே உங்கள் வேலையும் அளக்கப்படும் என்பதால், எந்தக் கேஸை அனுப்பிவிடுவது என்பதை முதல் நோயாளிக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.